அப்பன் மகனை சாகக் குடுப்பானான்னு கேட்டியே, அதுக்கு அம்மா எழுதறது

சாமி,

நல்லா இருக்கியா, மருமகளும் குட்டியும் நல்லா இருக்காங்களா. பெரிய வெள்ளி அன்னைக்கி ராத்திரி நீ போன்ல கேட்டதுக்கு நான் அப்பவே ஒண்ணும் சொல்லாம "எழுதறேன் கண்ணு"ன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன். போன்ல அஞ்சு நிமிசத்துல சொல்லி முடிக்கற விசயமா அது, அதுவும் குட்டி நெஞ்சு மேல படுத்துத் தூங்குதுன்னு நீ குசுகுசுன்னு பேசிட்டு இருந்த. அதுதான் ஒக்காந்து நிதானமா டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், டொரன்டோவுல பஸ்ல போறப்ப படிச்சுக்க.

"ஏனுங்கம்மா, எந்த அப்பனாவது பெத்த மகனை அடுத்தவன் தப்புக்காக சாகக் குடுப்பானுங்களா, கடவுள்தானே, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதுங்களா"ன்னு கேட்ட. நீ அப்பனானதுக்கப்பறம் இந்தக் கேள்வி வந்துச்சுன்னா அது வரவேண்டிய கேள்விதான் சாமி. நீ விசுவாசத்தை விட்டுட்டியோன்னு எனக்கு ஒரு வெசனமும் இல்ல. கேக்காம மண்டைய ஆட்டிட்டு இருக்கறவங்களை விட, குழந்தைய கையில வெச்சுக்கிட்டு அந்த சிலுவைய பாத்து இது என்ன நியாயம்னு கேக்கறவன் அதுக்குப் பக்கத்துல போய் நிக்கறான்னுதான் நான் நெனைக்கறேன்.

மொதல்ல ஒண்ணு. நீ மனசுல வெச்சிருக்கற படத்துல ஒரு கோவக்கார அப்பன் மேல ஒக்காந்திருக்கான், கீழ ஒண்ணும் தெரியாத பையன் மாட்டிக்கிட்டு அடி வாங்கறான். அப்படி இருந்தா நானே அந்த சாமிய கும்பிட மாட்டேன். ஆனா நம்ம விசுவாசம் சொல்றது அது இல்ல. இயேசு கடவுளுக்கு வேத்தாளு கெடையாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதறப்ப தேவன் கிறிஸ்துவுக்குள்ள இருந்து உலகத்தை தன்கூட ஒப்புரவாக்கிக்கிட்டார்னுதான் எழுதறார். அதாவது சிலுவையில தொங்குனது கடவுள் புடிச்சுக் குடுத்த இன்னொரு ஆளு இல்ல, கடவுளே வந்து தொங்குனாரு. அப்பறம் உன் குட்டி கைக்குழந்தை, அவரோ ஊழியம் ஆரம்பிக்கறப்பவே ஏறக்குறைய 30 வயசுன்னு லூக்கா சொல்றாரு, வளந்த மனுசன், எங்க போறோம்னு தெரிஞ்சே போறாரு. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்"னு யோவான்ல இருக்குது பாரு.

இயேசுவைப் புடிக்கறதுக்கு முன்னாடி அவரு ஜெபம் பண்ணுன கெத்செமனே தோட்டத்தை ரோசிச்சுப் பாரு. அது ஒலிவ மலை அடிவாரம். அந்த மலைய ஏறி அக்கட்டால எறங்குனா யூதேயா வனாந்தரம், ராத்திரியோட ராத்திரியா போயிருந்தா ஆரும் புடிச்சிருக்க முடியாது. சிஷ்யனுங்க தூங்கறாங்க, இவரு முழிச்சிருக்காரு, எப்ப வேணா எந்திரிச்சுப் போயிருக்கலாம். இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, என்னை விட்டு நீங்கட்டும்னு கேக்கறாரு, கேட்டுட்டு அங்கயே இருக்கறாரு. அவருக்கும் சாவு கசந்துச்சு. கசந்தும் போகல.

கடவுள் கேட்டாருன்னு மகனைப் பலி குடுக்கப் போன ஆபிரகாம் கதைய வேற நீ இழுத்த. அதை மறுக்கா படி சாமி, மோரியா மலையில ஈசாக்கைக் கட்டிப் போட்டு கத்திய எடுத்தப்ப பையன் மேல கையப் போடாதேன்னு தடுத்தது ஆரு? ஒரு அப்பன் மகனைக் கொல்றதை கடவுள் ஏத்துக்கல. மனுசன்கிட்ட வேண்டாம்னு சொன்னதை கடைசியில தன் பக்கமா வாங்கிக்கிட்டாரு, நான் அப்படித்தான் படிக்கறேன்.

சரி, சும்மா மன்னிச்சா என்னன்னு கேட்டியே, அதுக்கு வர்றேன். எங்கப்பன், உங்க அப்புச்சிய உனக்கு வயசான காலத்துல கயித்துக் கட்டல்ல படுத்துக் கெடந்த ஆளாத்தான் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல எங்க பங்காளி ஒருத்தர் தறி போடறேன்னு கடன் வாங்குனாரு, அதுக்கு அப்புச்சி ஜாமீன் கையெழுத்துப் போட்டாரு. அந்த ஆளு தறியும் போடல ஒண்ணும் போடல, குடும்பத்தோட ராவோட ராவா ஊரை விட்டுப் போயிட்டாரு. கடன் குடுத்தவரு எங்க வாசல்ல வந்து நின்னாரு. அப்புச்சி ரெண்டு எருமையவும் ஓட்டிட்டுப் போய் வித்தாரு, அம்மிச்சியோட கம்மல் போச்சு, காதுல வேப்பங்குச்சிய சொருகிட்டு அம்மிச்சி களையெடுக்கப் போனது எனக்குக் கண்ணுலயே நிக்குது. வீட்டுல பாலு மோரு கெடையாது, ராத்திரிக்கு வெறும் ராகிக்களியும் பச்சமொளகாயும். கடனைக் கட்டி முடிச்சதும் அந்த புரோநோட்டை அப்புச்சி கையில குடுத்துட்டாங்க, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல அந்த ஆளோட பெருவெரல் ரேகை, ஊதா மை, ஓரம் எல்லாம் பழுப்பேறிப் போச்சு. அதை அப்புச்சி தகரப் பொட்டியில வெச்சிருந்தாரு.

ரொம்ப நாள் கழிச்சு அந்த ஆளு ஒரு மத்தியானம் வந்தாரு. வாசப்படி ஏறல, வேப்பமரத்துக்கு அடியில துண்டைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புச்சி உள்ள போயி பொட்டியத் தொறந்து அந்தக் காயிதத்தை எடுத்தாந்து அவரு கண்ணு முன்னால நாலாக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, "போனது போச்சு, சோறு தின்னு போ"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான்.

இப்ப சொல்லு சாமி, அன்னைக்கி அந்தக் கடன் எங்க போச்சு? மாயமாப் போயிருச்சா? அந்த ஆளுக்கு அது சும்மா கெடச்சுது, கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும். ஆனா அதுக்கு முன்னாடியே எங்கப்பன் கட்டித் தீத்திருந்தாரு, எருமையா, கம்மலா, நாங்க குடிக்காத பாலா. மன்னிக்கறதுன்னாலே நட்டம் மன்னிக்கறவன் தலையில வந்து ஒக்காரும், வேற எங்கயும் போறதுக்கு அதுக்கு எடமே கெடையாது. அப்ப உலகம் முச்சூடும் மனுசன் மனுசனுக்கும் கடவுளுக்கும் பண்ணுன அத்தனையும் மன்னிக்கணும்னா அது எங்க போய் எறங்கும்? ஒரு வார்த்தைதானேன்னு நீ கேக்கற. அந்த வார்த்தையோட வெலைதான் அவரைச் சிலுவையில அறைஞ்ச கொல்கொதாவுல தெரியுது. வெளிய போயி கடவுள் ஆருகிட்டயோ பணம் கட்டல, தானே பொறுத்துக்கிட்டாரு. ஏசாயா 53ல "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது"ன்னு வருதே, நீ சண்டே ஸ்கூல்ல மனப்பாடமா ஒப்பிச்ச வசனம்.

இன்னொண்ணு, பாதிக்கப்பட்டவன் பக்கமும் நின்னு பாரு. ஒரு புள்ளையக் கெடுத்தவனை, ஒரு ஏழையோட நெலத்தைப் புடுங்குனவனை பரவால்ல போன்னு கடவுள் சும்மா விட்டாருன்னா அந்தப் புள்ளைக்கும் ஏழைக்கும் அது எப்படி இருக்கும், உன் அழுகை ஒண்ணுமே இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடாது? சிலுவை அப்படி சொல்லல. பாவம் எவ்வளவு பெரிசுன்னா இவ்வளவு பெரிசுன்னு ஊரறிய காட்டிட்டுத்தான் மன்னிக்குது.

அந்த சாவோட லட்சணத்தையும் சொல்லணும், இதைச் சொல்லாம எனக்கு மனசு ஆறாது. நாம கழுத்துல தங்கத்துல போட்டு போட்டு சிலுவைன்னா என்னன்னே மறந்து போச்சு. ரோமராஜ்யத்துல அது அடிமைகளுக்கும் கலகக்காரனுக்கும் குடுக்கற தண்டனை, ரோமக் குடிமகனுக்கு அதை சாதாரணமா குடுக்கவே மாட்டாங்க. கி.மு. 71ல ஸ்பார்ட்டகஸ் கூட சேந்து எந்திரிச்ச அடிமைகள்ல 6000 பேரை கப்புவா ஊர்ல இருந்து ரோம் வரைக்கும் ரோட்டோரமா சிலுவையில அறைஞ்சாங்க, போறவன் வாறவன் பாத்து பயப்படணும்னு. 1968ல எருசலேம்ல ஒரு கல்லறையில எலும்புப் பொட்டி கெடச்சுது, அதுல ஒரு மனுசனோட குதிகால் எலும்பு, ஆணி அதுலயே குத்தி நிக்குது, நுனி வளைஞ்சு போனதால உருவ முடியாம அப்படியே பொதைச்சிருக்காங்க. அதோட போட்டோவ நான் பாத்தேன், அன்னைக்கி எனக்கு சோறு எறங்கல. ரோம்ல பலத்தீன் மலையில ஒரு செவுத்துக் கிறுக்கல் இருக்குது, சிலுவையில கழுதைத் தலையோட ஒரு ஆளு, கீழ ஒருத்தன் கையத் தூக்கிக் கும்பிடறான், அலெக்சமெனோஸ் தன் சாமிய கும்பிடறான்னு கிரேக்கத்துல கேலியா எழுதியிருக்காங்க. அந்தக் காலத்துல நம்ம சாமி அவ்வளவு கேவலமா இருந்துச்சு ஊருக்கு.

நம்ம சனத்துக்கு அது கேவலமாத் தெரியல சாமி. நம்ம கொங்கு நாட்டுல டீக்கடையில தனி டம்ளர் வெச்சு, செருப்பைக் கழட்டிக் கையில தூக்கிட்டு நடக்க வெச்ச தெருவுல வாழ்ந்த சனம் நம்ம சனம். உங்க அப்புச்சியோட அப்பன் எழுத்தே தெரியாதவரு, மிசன்காரங்க சொல்லக் கேட்டு அவருக்குப் புடிபட்டது இதுதான்: இந்த சாமிய அம்மணமா ஊருக்கு வெளிய கொண்டு போயி கொன்னாங்களாம், நம்மளையும் ஊருக்கு வெளியதான் வெச்சிருக்காங்க. வாசலுக்கு வெளியே பாடுபட்டார்னு எபிரெயர்ல ஒரு வரி வரும், அதை வாசிச்சா எங்கப்பன் தொண்டை அடைச்சு நிறுத்திடுவாரு. ரட்சிப்புன்னு நம்ம குடும்பத்துக்குள்ள வந்தது மொதல்ல இப்படித்தான் வந்துச்சு, கடைசில கெடக்கறவன் கிட்டக்க கடவுள் வந்து படுத்துக்கிட்டாருன்னு.

நீ பெரிய வெள்ளிக்கு பிரப் சர்ச்சுல மதியம் 12ல இருந்து 3 மணி வரைக்கும் ஒக்காந்து, இயேசு சிலுவையில பேசுன ஏழு வார்த்தைய கேட்டு வளந்தவன். அதுல நாலாவது, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்"ங்கறது, அது 22ம் சங்கீதத்தோட மொத வரி. ஒரு தாயா எனக்கு அதைக் கேக்கவே முடியாது. ஆனா அந்த சத்தம் சிலுவையில கேட்டதாலதான், ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடந்து நீ எங்க போயிட்டன்னு கடவுளைக் கேக்கறவளுக்கும் ஒரு எடம் இருக்குது, அவ கேக்கறதை கடவுளே கேட்டிருக்காரு. அதைப் பத்தி இதுக்கு மேல வெளக்கம் சொல்ல நான் விரும்பல.

நீ இன்ஜினியர், சிலுவை நம்மளை எப்படி மீட்டுச்சுங்கறதுக்கு எந்த தியரி சரின்னு கேப்ப. ஆதி சபையில எரேனியு மாதிரி ஆளுங்க ஆதாம் கெடுத்ததை கிறிஸ்து மொதல்ல இருந்து வாழ்ந்து சரி பண்ணுனாருன்னாங்க, சில பேரு சாத்தான் கிட்ட இருந்து மீட்ட வெலைன்னாங்க, 11ம் நூற்றாண்டுல அன்செல்ம் கடவுளுக்குக் கொறைஞ்சு போன மரியாதையைத் திருப்பிக் கட்டுனதா சொன்னாரு, அவருக்கு அடுத்து அபெலார்ட் அந்த அன்பைப் பாத்து நம்ம மனசு திரும்பறதுலதான் அதோட வேலை இருக்குன்னாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு நெசம் இருக்குது. ஆனா நாம ஞாயித்துக்கெழம சொல்ற விசுவாசப் பிரமாணத்தைப் பாரு, எந்த தியரியும் அதுல இல்ல, "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு"ன்னு ஒரு கவர்னர் பேரை மட்டும் சொல்லுது. கி.பி. 26ல இருந்து 36 வரைக்கும் யூதேயாவை ஆண்ட ஆளு அவன், அவன் பேரு வெட்டுன கல்லு 1961ல செசரியாவுல கெடச்சுது. நம்ம சபை இது நடந்த விசயம்னு ஊணிச் சொல்லிட்டு, வெளக்கத்தை உன்னை மாதிரி பசங்க ரோசிக்கறதுக்கு விட்டிருக்குது. நான் எங்கப்பன் கிழிச்ச காயிதத்து வழியா அதுக்குள்ள போனேன், நீ வேற வாசல் வழியா போனாலும் எனக்கு சம்மதம்.

கடைசில, இயேசுவுக்குப் பக்கத்து சிலுவையில தொங்குன அந்தக் கள்ளன். அவனுக்கு ஞானஸ்நானம் இல்ல, காணிக்கை இல்ல, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள் கூட இல்ல, கையும் காலும் ஆணியில. என்னை நெனச்சுக்கங்கன்னு மட்டும் சொன்னான். நீ இன்னைக்கே என்கூட பரதீசுல இருப்பன்னு இயேசு சொல்லிட்டாரு. பண்ணாரி அம்மன் கோயிலுக்கு குண்டம் எறங்க, அதாவது தீ மிதிக்க, போற நம்ம அக்கம்பக்கத்துக்காரங்க எவ்வளவு வெரதம் இருந்து போறாங்கன்னு உனக்குத் தெரியும், அந்த பக்திய நான் ஒரு நாளும் கொறைச்சுப் பேச மாட்டேன். நம்ம விசுவாசத்துல மட்டும் நேர்த்திக்கடனை சாமியே செலுத்திருச்சு. அதனாலதான் நாம நல்லது பண்றது கூட கூலிக்கு இல்ல, வாங்குனவன் சந்தோசத்துல பண்றது.

வெள்ளிக்கெழமையோட கேள்விய நிறுத்திடாத. கிறிஸ்து எழுந்திராவிட்டா உங்க விசுவாசம் வீண், இன்னும் பாவத்துலயே இருக்கீங்கன்னு பவுலே எழுதறாரு. செத்தவரை அப்பா எழுப்புனாருங்கறதுதான் உன் கேள்விக்கு பாதி பதில், அந்த அப்பன் மகனை சாவுக்கு விட்டுட்டுப் போகல. அதை இன்னொரு கடிதத்துல எழுதறேன், இதுவே நீண்டு போச்சு.

லூக்கா 23ஐ தமிழ்லயே ஒருக்கா வாய்விட்டு வாசி, மருமகளும் கேக்கட்டும். வாசிச்சுட்டு எங்க இடிக்குதுன்னு எழுது, சண்டை போடணும்னாலும் போடு, அம்மா பதில் எழுதறேன். குட்டிக்கு ராகி மாவு அரைச்சு அப்பா பார்சல்ல தாட்டி விட்டிருக்காரு, ஆறு மாசம் ஆனதுக்கப்பறம் குடுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

அம்மா
ஈரோடு