குடும்பத் துப்பாக்கிகளைப் பார்வைக்கு வைக்க ஒரு முறையான வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக் கைப்பேசிக் குழுக்களில் பரப்புவோரைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கருத்து முற்றிலும் நியாயமானது. பொது இடத்தில் துப்பாக்கியை ஏந்திக் காட்டுவதையும், திருமண வீடுகளில் சுடுவதையும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடுக்கின்றன. கொண்டாட்டத்தின்போது அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்று 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் கூறுகிறது. பஞ்சாப் அரசு 2022 நவம்பரில், சமூக ஊடகங்களில் ஆயுதங்களைக் காட்சிப்படுத்துவதற்கும் சேர்த்தே தடை விதித்தது. இவையெல்லாம் தேவையானவை. ஆயினும், தந்தையிடமிருந்து உரிமத்துடன் வந்த ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், தடையோடு இந்த விவகாரம் முடிந்துவிடுவதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீலகிரி, வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளின் தோட்டக்காரர் குடும்பங்களிலும், பழைய ஜமீன் குடும்பங்கள் சிலவற்றிலும் தலைமுறை கடந்த துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை முடிந்துபோனதால், அவற்றுள் பல சுடப்படுவதே இல்லை. ஆனால் அவற்றின் வேலைப்பாடு இன்றும் வியக்கத்தக்கது. டமாஸ்கஸ் குழல் என்று சொல்லப்படும் பழைய குழல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பையும் எஃகையும் மெல்லிய பட்டைகளாக முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்துச் செய்தவை அவை. எண்ணெய்த் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால், குழல் நெடுகிலும் நீரோட்டம்போல நெளியும் கோடுகள் தெரியும். கரிமருந்து என்னும் பழைய வெடிமருந்தின் காலத்தில் செய்யப்பட்ட அந்தக் குழலில் இன்றைய புகையில்லாத வெடிமருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகக்கூடும். இதை அறிந்த பெரியவர் மறைந்து, அறியாத பேரன் கைக்குத் துப்பாக்கி போகும்போது நேரக்கூடிய விபத்தை எந்தத் தடை உத்தரவும் நிறுத்தாது. விவரம் தெரிந்தவர்கள் நேரில் எடுத்துக்காட்டிச் சொன்னால்தான் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் சேரும்.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குடகு மாவட்டத்தில் நடவு வேலைகள் முடிந்த பின், செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போத் என்னும் ஆயுதத் திருநாள் கொண்டாடப்படுகிறது. குடும்பத்தார் மூதாதையர் வீட்டில் கூடித் தத்தம் துப்பாக்கிகளைத் துடைத்து, விளக்கின் முன் சாத்தி வைத்து, சந்தனமிட்டு, குழல் வாயில் செங்காந்தள் மலரைச் செருகுகிறார்கள். நம் மாநில மலரான அதே செங்காந்தள்தான். நண்பர் ஒருவரின் அழைப்பில் அத்தகைய வீடொன்றில் இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதியவர் ஒருவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரு குழல்களும் காலியாக இருப்பதைத் தாம் பார்த்து, பக்கத்தில் நின்றவரையும் பார்க்கச் செய்த பிறகே இளைஞனின் கையில் கொடுத்தார். வாங்கியவனும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான். இது யாருடைய துப்பாக்கி, எந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது என்ற கதையும் கூடவே கைமாறியது. அங்கே யாரும் துப்பாக்கியோடு படத்துக்கு நிற்கத் துடித்ததை நான் காணவில்லை. வீட்டார் அனைவரும் பார்த்து மதிக்கும் பொருளை மறைவில் படமெடுத்துப் பெருமை தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

குடகின் கொடவ இனத்தவர் முதலானோருக்கு, துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. அத்தகைய விலக்கை நம் மாநிலத்துக்கு நான் கேட்கவில்லை. உரிமக் கட்டுப்பாடு இங்கே இறுக்கமாகவே இருக்கட்டும். நான் கேட்பது, அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே முறையாகப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு.

இப்போதைய நிலைமை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசு உரிமையில் வந்தவற்றுக்கும் அதே வரம்புதான். கூடுதலாக இருந்ததை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றது சட்டம். எண்ணிக்கையைக் குறைத்ததில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்டவற்றுள் எது கலைப்பொருள், எது வெறும் இரும்பு என்று பிரித்துப் பார்க்க வல்லுநர் யாரும் அமர்த்தப்பட்டதாக எனக்குத் தெரிந்த குடும்பங்கள் எதுவும் சொல்லவில்லை. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகளின் கதியும் இதுவே. ஒருமுறை நான் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தபோது, வால்நட் மரக் கட்டையின் மீது வெள்ளை பெயிண்டால் பெரிய எண் எழுதப்பட்டிருந்தது. குழலின் உட்புறத்தில் செந்துரு பூத்திருந்தது. எண்ணை ஓர் அட்டையில் எழுதி நூலால் கட்டியிருக்கலாம். நடு நடுவே ஒருநாள் எண்ணெய் போட உரிமையாளரையே அனுமதித்திருக்கலாம்.

நம் மண்ணில் இத்தகைய இழப்பு புதிதன்று. 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்த பின், அரண்மனை ஆயுதச் சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த ஆயுதங்களுள் பெரும்பகுதி பழைய உலோகமாக உடைத்து அழிக்கப்பட்டது. தப்பியவற்றுள் ஒரு பகுதியை இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். அந்தக் காட்சிக்கூடத்தில் நிற்கும் எவருக்கும், எஞ்சியதே இவ்வளவு நேர்த்தியாக இருந்தால் அழிந்தது எப்படி இருந்திருக்கும் என்ற ஆதங்கம் எழாமல் இராது.

ஆகவே அருங்காட்சியகங்கள் துறையும் உள்துறையும் இணைந்து, ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாவட்டத்திலேனும் பழந்துப்பாக்கிக் காட்சி நடத்த முன்வர வேண்டும். உரிமம் உள்ளவரே தம் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கொண்டுவந்து, நுழைவாயிலில் காவல்துறையின் சோதனைக்குப் பின், பூட்டிய கண்ணாடிப் பேழையில் வைத்து, மாலையில் திரும்பப் பெற்றுச் செல்லலாம். உரிமையாளர் பெயரும் ஊரும் பொதுமக்கள் பார்வைக்கு வரக் கூடாது. திருடர்களுக்கு வழிகாட்டும் வேலையாக அது ஆகிவிடும். தயாரித்த பட்டறை, ஏறத்தாழ எந்தக் காலம், எவ்வகை வெடிமருந்துக்கு உரியது என்ற விவரங்களே போதும். சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் உரிமையாளரின் எழுத்து அனுமதியுடன் துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடிவது பழுது பார்ப்பதற்கும், உரிமம் புதுப்பிப்பதற்கும், உரிமையாளரின் பயன்பாட்டுக்கும் மட்டுமே என்பதால், இரவல் கொடுத்துக் காட்சி வைப்பது இன்று எளிதன்று. மாவட்ட நிர்வாகத்தின் தெளிவான முன் அனுமதி இருந்தாலன்றி எந்த உரிமையாளரும் துணிய மாட்டார்.

வரம்புக்கு மேற்பட்டதாகவோ வாரிசு இன்றியோ ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை உருக்கும் முன், அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவர் பார்வையிட்டு, தகுதியுள்ளதைச் செயலிழக்கச் செய்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஓர் ஆணையையும் அரசு பிறப்பிக்க வேண்டும். என் தந்தையின் துப்பாக்கிக்கு அடுத்த வாரிசு என் குடும்பத்தில் இல்லை. அப்படியொரு வழி திறந்தால், அதை ஒப்படைக்க இப்போதே விண்ணப்பிக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.