ஓசூர்க்காரனுக்கு ஒரு தூளிக் கடிதம்

கொள்ளிடக்கரை,
மார்கழி 20

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். செய்து பார்த்ததில் இரண்டு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பொங்கல் கழித்துப் பேரனோடு வந்து நம் தோப்பில் ஒரு ராத்திரி ஹேமக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணிப் படுக்கை) கட்டித் தூங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பெயர் எதுவானாலும் எனக்கு அது தூளிதான். அறுபது வயதில் மறுபடியும் தூளியா என்று என் வீட்டில் சிரித்துத் தீர்த்தாகிவிட்டது. போதாததற்கு, "தஞ்சாவூர்ச் சீமையில் குளிர் ஏது, ஒரு துண்டு போதாதா?" என்று நீ வேறு கேட்டிருக்கிறாய். ஓசூரில் ஸ்வெட்டரோடு டீ குடிக்கிறவனுக்கு ஊர் மார்கழி மறந்துபோனதில் ஆச்சரியமில்லை. விடியற்காலையில் இங்கே 20, 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். கட்டிலில் படுத்தால் ஒரு போர்வை தாராளம். தூளியில் அந்தக் கணக்குச் செல்லாது.

முதல் ராத்திரி பாராசூட் துணி என்கிற மெல்லிய நைலான் தூளியை மாமரத்துக்கும் வேம்புக்கும் நடுவில் கட்டினேன். பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டேன். பன்னிரண்டு மணி வரை ராஜபோகம். பிறகு முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் ஆரம்பித்தது. தடவிப் பார்த்தால் ஈரம் இல்லை, வெறும் குளிர். ஜமக்காளத்தை இழுத்து இழுத்துப் போர்த்துகிறேன். மார்பு வேர்க்கிறது, முதுகு விறைக்கிறது. இரண்டு மணிக்கு எழுந்து களத்துக்குப் போய் வைக்கோல் போரில் சாய்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் உடம்பு சூடேறிவிட்டது. அங்கே படுத்தபடிதான் யோசித்தேன். போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் வைக்கோலில் சுகமாக இருக்கிறது, ஜமக்காளத்தோடு தூளியில் நடுங்குகிறது. என்ன நியாயம் இது?

நியாயம் எளிமையானதுதான். கம்பளியோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வைக்கோல் போரில் ஒவ்வொரு தாளுக்குள்ளும், தாளுக்கும் தாளுக்கும் இடையிலும் அந்தக் காற்று இருக்கிறது. தூளியில் நாம் எதை விரித்துப் படுத்தாலும் நம் எடை அதை நசுக்கிக் காற்றைப் பிதுக்கிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு நூல் கனத் துணி. அதற்குக் கீழே கொள்ளிடத்து மணலைத் தடவிக்கொண்டு வரும் வாடை, சூட்டை வழித்துக்கொண்டு போகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தூளிக்காரனை மார்கழியே கீழேயிருந்து துளைத்துவிடுகிறது.

ஆகவே முதுகுக்கான போர்வையைத் தூளிக்கு உள்ளே விரிக்காதே. வெளியே, அடியில் தொங்கவிடு. அங்கே அது நசுங்காது. இதற்கென்றே தைத்த அடிமெத்தைகள் விற்கிறார்கள், விலைதான் கண்ணைக் கட்டுகிறது. என் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த இலவம் பஞ்சு மெத்தை ஒன்று பரணில் கிடந்தது, நினைவிருக்கிறதா? அதைப் பிரித்தோம். இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். பழைய நூல் புடவை இரண்டுக்கு நடுவில் பஞ்சைப் பரப்பி, ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கச் சாண் சாணாகக் கட்டம் போட்டுத் தையல் ஓட்டி, நான்கு மூலையிலும் நாடா வைத்தாள் என் மனைவி. மூன்று நாள் வேலை. பஞ்சு பறந்து வீடு முழுக்கத் தும்மல். தோளிலிருந்து முழங்கால் வரை நீளம் போதும். காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

கட்டுவதில்தான் சூட்சுமம். நாடா இறுகினால் மெத்தை முதுகோடு நசுங்கிப் பழைய கதைதான். தளர்ந்தால் தூளிக்கும் மெத்தைக்கும் நடுவில் வாடை புகுந்து விளையாடும். தூளியின் அடியைத் தொட்டும் தொடாமலும் மெத்தை நிற்க வேண்டும். நான் படுத்தேன், அவள் அடியில் குனிந்து, புறங்கையால் தடவிப் பார்த்து நாடாவைச் சரிசெய்தாள். "பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை" என்றாள். இன்னொரு லாபமும் உண்டு. சம்பா வயல் ஓரத்துக் கொசு, முதல் ராத்திரி பாராசூட் துணி வழியாகவே முதுகில் ஊசி போட்டிருந்தது. அடிமெத்தை வந்தபிறகு அந்த வழி அடைபட்டது. மேலே வலை மட்டும் போதும்.

இரண்டாவது ராத்திரி மழை வந்தது. மார்கழி பாதி தாண்டி மழையா என்று கேட்காதே. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. இது வெறும் தூறல்தான், மூன்று மணி சுமாருக்கு. நெல் மூடும் தார்ப்பாயை மேலே கூரையாகக் கட்டியிருந்ததால் தெம்பாகப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைமாடு நனைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தார்ப்பாயில் ஓட்டை இல்லை. மரத்திலிருந்து வரும் கயிற்றின் அடிப்பக்கமாக ஒரு துளி மெதுவாக, எறும்புபோல் இறங்கி வந்து, தூளித் துணியைத் தொட்டதும் காணாமல் போனது. அதற்குப் பின்னால் அடுத்தது. தண்ணீர் கயிறு பிடித்து வீட்டுக்குள் வருகிறது!

நம் ஊர் எலக்ட்ரீஷியன் மின்கம்பத்து ஒயரை வீட்டுக்குள் இழுக்கும்போது சுவருக்கு வெளியே ஒரு தொங்கல் விடுவாரே, தண்ணீர் அங்கேயே சொட்டிவிட வேண்டும் என்று? அதே வைத்தியம். தார்ப்பாய் நிழலுக்குள், தூளிக்கு ஒரு சாண் முன்னால், கயிற்றில் தென்னங்கயிற்றுப் பிரி ஒன்றை முடிந்து தொங்கவிட்டேன். இரண்டு பக்கமும். வந்த துளி பிரிவழியாக இறங்கித் தரையில் சொட்டிவிட்டது. மறுநாள் குடத்துத் தண்ணீரைக் கயிற்றில் ஊற்றியும் பார்த்துவிட்டேன்.

தார்ப்பாயைக் கட்டும்போது வாடை வரும் வடக்குப் பக்கத்தைத் தாழ்த்தி முளையடி, தெற்கைக் கொஞ்சம் தூக்கி வை. நாலு பக்கமும் மூடிவிடாதே. மூடிய நெல் குவியல் எப்படி வேர்க்கும் என்று உனக்குத் தெரியும். மூச்சு விடுகிற மனிதனும் அப்படித்தான், விடியும்போது தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் வரை ஈரம் பொறுப்பார்கள். நம் முழங்கால் அவ்வளவு பொறுக்காது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு தூங்கும் பழக்கம் உனக்கு ஹாஸ்டலிலேயே உண்டு. மூச்சின் ஈரம் போர்வைக்குள்ளேயே தங்கும். தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு மூக்கை வெளியே விடு. மழை இல்லாவிட்டாலும் தார்ப்பாய் வேண்டும். தெளிந்த வானத்தின் கீழே மூடாமல் கிடக்கிற எதுவும் சூட்டை வானத்துக்கு இறைத்துவிட்டுப் பனியில் நனைகிறது. திண்ணையில் விட்ட சைக்கிள் காய்ந்திருக்கும், வாசலில் விட்டது சொட்டும், பார்த்ததில்லையா?

அமேசான் பக்கத்துப் பழங்குடியினர் தூளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் தீயை அணையவிடாமல் வைத்திருப்பார்களாம். உன் பேரன் அதைப் படித்துவிட்டுக் கணப்புச் சட்டி கேட்டால் கொடுத்துவிடாதே. அவர்களுடையது பருத்தி, நம்முடையது நைலான். ஒரு பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். படுக்கிற முன் சூடாக ஏதாவது சாப்பிட்டு, ஒரு நடை நடந்துவிட்டு ஏறுங்கள். படுப்பதற்கென்று ஒரு காய்ந்த செட் துணியைப் பிளாஸ்டிக் பையில் தனியாகக் கொண்டு வா. பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடாதே. நேராகப் படுத்தால் வாழைப்பழம்போல் வளைந்து இடுப்புப் போய்விடும், என் இடுப்பு சாட்சி. கொஞ்சம் குறுக்காகப் படு, முதுகு சமமாகிவிடும்.

தென்னையில் மட்டும் கட்டக் கூடாது. 2018 கஜா புயலில் தெற்கே வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை பட்டபாடு ஒருபுறம் இருக்கட்டும்; நல்ல நாளிலேயே தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டா விழுகின்றன? புளிய மரம் பலமானது, ஆனால் ராத்திரியில் அதன் அடியில் படுக்கக் கூடாது என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள், மேல்முறையீடு கிடையாது. கயிறு மரப்பட்டையை அறுக்காமலிருக்க, லாரியில் சரக்குக் கட்டும் அகல நாடா இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. சம்பா பால் கட்டி முற்றிக்கொண்டிருக்கிறது, அறுவடை மிஷினுக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று. நாம் படித்த பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மணி மட்டும் புதுக் கட்டடத்தில் தொங்குகிறது. தங்கைக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? அவளையும் அழைத்து வா, தூளியில் ஏற வேண்டாம், திண்ணையில் இருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அணைக்கரையில் இறங்கிப் போன் செய், வண்டியோடு வருகிறேன். இலவம் பஞ்சு ஒரு மெத்தைக்குத்தான் இருந்தது, அது பேரனுக்கு. உனக்கு அடியில் கட்ட ஓசூரிலிருந்து ஒரு பழைய கம்பளி ரஜாய் கொண்டு வந்துவிடு. நான்கு மூலையிலும் நாடா தைத்து எடுத்து வா. இங்கே கேட்டால் எனக்குத்தான் திட்டு விழும்.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி