பெயர் எழுதாத நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கையின் இறுதிப் போர் நடந்த 2009 பெப்ரவரியில், முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து என்னை உயிரோடு அனுப்பிவைத்த உங்களுக்கு, மிகவும் காலந்தாழ்த்தியே இம்மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவருடைய பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் பிள்ளைகளோ இன்றும் அதே மண்ணில்தான் வாழ்கிறார்கள்.

2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவின்பேரில் ஐ.நா. பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய பின்னர், சுயாதீன ஊடகவியலாளர் எவரும் போர் நடந்த வன்னிப் பகுதிக்குள் வர அனுமதிக்கப்படவில்லை. உள்ளே எஞ்சியிருந்த எங்களைப் போன்ற செய்தியாளர்கள் எறிகணைக்கு மட்டுமன்றி, எழுதியதற்கும் எழுதாமல் விட்டதற்கும் சேர்த்தே அஞ்சவேண்டியிருந்தது.

மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடான அந்நாட்களில், உழவு இயந்திரத்தின் பற்றரியிலிருந்து என் கமராவுக்கு மின்னேற்றித் தந்த ஐயாவுக்கு முதல் நன்றி. “படம் எடுங்கோ தம்பி, ஆனா என்ர ட்ராக்டர் அதில விழக்கூடாது” என்று நீங்கள் சொன்னதை அன்று மிகையான பயம் என்றே நினைத்தேன். அது என் தவறு.

ஊடகவியலாளர் புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி எறிகணை வீச்சில் கொல்லப்பட்டது பெப்ரவரி 12 ஆம் திகதி. அதற்குப் பின் ஒரு கிழமைகூட ஆகாத நிலையில் நானும் காயப்பட்டேன். வெளிநாட்டு நிருபர்கள் தலைக்கவசமும் குண்டு துளைக்காத அங்கியும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றே களத்துக்குப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு சோடி ரப்பர் செருப்பு. அக்கா, உங்கள் சேலைத் தலைப்பைக் கிழித்து என் தொடையில் கட்டி, முடிச்சுக்குள் ஒரு தடியைச் செருகி, நான் கத்தக் கத்த முறுக்கினீர்கள். இந்தக் கால் உங்களுடையது.

காயக்காரரைச் சிறு படகுகளில் ஏற்றி, கரைக்கு அப்பால் நின்ற ‘கிரீன் ஓஷன்’ கப்பலில் சேர்த்த கடற்றொழிலாளர்களுக்கும் செஞ்சிலுவைப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

கப்பல் திருகோணமலையை நெருங்கியபோதே எனக்குக் கைகள் நடுங்கத் தொடங்கின. 2006 ஜனவரி 2 அன்று அந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்துச் சாகவில்லை, சுடப்பட்டே இறந்தார்கள் என்பதைத் தம் படங்களால் காட்டியவர் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி, வேலைக்குப் புறப்பட்ட காலையில், அதே நகரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். என் சட்டைப் பையிலோ மெமரி கார்ட் ஒன்று இருந்தது.

பக்கத்தில் கைக்குழந்தையோடும் மூத்த மகனோடும் இருந்த தாயே, நான் எதுவும் கேட்காமலே அதை வாங்கிப் பால்மாப் பேணிக்குள் புதைத்தீர்கள். சோதனையில் பேணியைத் திறந்து பார்த்தார்கள், கிளறவில்லை. மறுநாள் வைத்தியசாலையில் யாரோ ஒரு சிறுவன் அதைக் கொண்டுவந்து என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனான். உங்களை நான் பிறகு காணவேயில்லை.

அந்தப் படங்களில் ஒன்றில், தறப்பாள் நிழலில் உங்கள் மூத்த மகன் நித்திரை கொள்கிறான். அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. இம்மடல் கண்ணில் பட்டால், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
முன்னாள் வன்னிச் செய்தியாளன்