கண் டாக்டரைக் கேட்டு வந்த பெரியம்மாவுக்கு

பாம்பனில் எங்கள் தெருச் சனங்களுக்கும் சொந்தங்களுக்கும்,

போன புரட்டாசியிலிருந்து நான் இருந்த இருப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. இப்போது தூங்குகிறேன், சோறு இறங்குகிறது, மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். நேற்று டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மனநல டாக்டரைப் பார்க்க ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறும்போதெல்லாம் "கண் காட்டப் போறேன்" என்றுதான் சொல்லிவந்தேன். வேறென்ன சொல்ல? நம் பக்கத்தில் வாய்ச்சண்டை வந்தாலே "உன்னை ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோகணும்" என்பதுதானே வசவு. 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. சங்கிலியோடு கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல், 28 பேர் போய்ச் சேர்ந்தார்கள். மனசு சரியில்லை என்றாலே அந்தச் சங்கிலிதான் எனக்குக் கண்ணில் வந்து நிற்கும். 2017 மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது என்பது டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆக, நாலு மாதம் கண். "கண்ணாடி எழுதித் தரலையா?" என்று கேட்டவர்களிடம் "இன்னும் பவர் பாக்குறாங்க" என்று அதற்கும் ஒரு பொய்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், கடல்பாசி எடுக்கப் போகிற பெரியம்மா வாசலில் வந்து நின்றார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, ஈரம் சொட்டியது. கடலில் முங்கும்போது போடுகிற கண்ணாடி, வார் அறுந்த பழையது, அதை என் மடியில் போட்டார்.

"கண்ணுக்குத்தானே போற? இந்தா."

எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விரல் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஏ தாயி, அந்தக் கண்ணு டாக்டரு எந்த ரூம்ல இருக்காக? எனக்கும் ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

அடுத்த தடவை இரண்டு பேராகப் போனோம். அன்றைய பாசிக் காசை விட்டுவிட்டுத்தான் வந்தார். பாலம் தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்க, "மனசு டாக்டரைப் பாக்க, தூக்கத்துக்கு" என்று சுகர் பார்க்கப் போவதுபோலச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணி வரைக்கும் பாப்பாக?" என்றார்.

பெரியம்மாவுக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லையா, என்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் சீட்டு எடுத்தாரா? கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

நடுராத்திரி 14416 மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டு என் காதில் வைத்த தம்பி, கடலுக்குப் போகாமல் கூடவே இருந்த வீட்டுக்காரர், சிடுசிடுக்காத மருந்துக் கவுண்டர் அக்கா, பிள்ளைக்குச் சோறு போட்ட மூன்று வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் நன்றி. ஓரியூரில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களுக்கும், தர்காவில் துஆ கேட்டவர்களுக்கும், உத்திரகோசமங்கையில் விளக்குப் போட்டவர்களுக்கும்தான். (மாத்திரையும் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இனிமேல் கண் என்று சொல்ல மாட்டேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

பெரியம்மா, அந்தக் கண்ணாடிக்குப் புது வார் போட்டு வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.