யூ.ஏ.எஸ்.பி. ரியாக்டர் தொடர் கோளாறு குறித்த புகார்

சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் நீங்கள் அமைத்த யூ.ஏ.எஸ்.பி. ரியாக்டர் (கழிவுநீரைக் கீழிருந்து மேலே செலுத்தி, காற்றில்லாமல் நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் தொட்டி) இன்னும் சரியாகவில்லை. சர்வீஸைக் கேட்டால் டிசைனைக் கைகாட்டுகிறார்கள், டிசைனைக் கேட்டால் சேல்ஸை. அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறோம்.

கேஸ் பிரிப்பானின் சாய்தகடுகளில் கொழுப்பு ஒரு சாண் கனத்துக்கு ஆடை கட்டியிருக்கிறது. கேஸ் போக வழியில்லாமல் ஓரமாகக் கொப்பளித்து, ஸ்லட்ஜ் மணிகளையும் (கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்த் திரள்களையும்) தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. வெளிநீரை இம்ஹாஃப் கூம்பில் (படிவை அளக்கும் கூம்புக் குவளையில்) பிடித்தால் கறுப்பு மணிகளில் பாதி அடியில், பாதி மேலே மிதக்கின்றன. போட்ட முதல் முழுவதும் சாக்கடையில் போகிறது.

இதற்கு உங்கள் ஆள் போனில் சொன்னது: "சாணியைக் கரைச்சு ஊத்துங்க, உங்களுக்கு பிளான்ட் ஓட்டத் தெரியல." சொல்லிவிட்டுப் பாதிப் பேச்சில் வைத்துவிட்டார். கொழுப்பை நிறுத்தாமல் எதை ஊற்றினாலும் அதுவும் மிதந்து போகும். உங்கள் நிறுவனத்தில் இது தெரியாதா?

நேரில் வந்தவர் பிஎச் மீட்டர் மட்டும் கொண்டுவந்தார். 7.1 காட்டியதும் "நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்து கேட்டார். புரதம் சிதைந்து வரும் அம்மோனியா ஆல்கலினிட்டியை (அமிலத்தைச் சமன்செய்யும் திறனை) தாங்கிப் பிடிக்கும். பிஎச் கடைசியில்தான் இறங்கும். வி.எஃப்.ஏ. (எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலம்)–ஆல்கலினிட்டி விகிதம் 0.3-க்குள் இருக்க வேண்டியது, எங்கள் ஆய்வகத்தில் 0.6. சாம்பிள் குழாய்களை அவர் திறக்கவே இல்லை. ரத்தம் கலக்கிறது என்று பழியும் போட்டார். ரத்தத்தைத் தனித் தொட்டியில்தான் பிடிக்கிறோம், வந்து பாருங்கள்.

கிரீஸ் டிராப் (மிதக்கும் கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் தொட்டி) போதும், டி.ஏ.எஃப். (நுண்குமிழிகளால் கொழுப்பை மிதக்கவிட்டு வழித்தெடுக்கும் அமைப்பு) வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள். வெந்நீர்க் கழுவலில் பால்போலக் கரைந்து வரும் கொழுப்பு டிராப்பில் நிற்காது. உள்ளே போய் நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலமாகி, மீத்தேன் நுண்ணுயிர்களை முடக்குகிறது.

தயவுசெய்து உங்கள் செலவில் கொழுப்பைத் திரளவைக்கும் கோயாகுலன்ட், பாலிமர் டோசிங்குடன் டி.ஏ.எஃப். வையுங்கள். ஆடையை அகற்றி, ஓடும் ரியாக்டரிலிருந்து நல்ல மணி ஸ்லட்ஜ் கொடுங்கள். கால் பங்கு லோடில் தொடங்கி, விகிதம் 0.3-க்குக் கீழே நின்ற பிறகே ஏற்றுங்கள்.

இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் உங்கள் டிசைன் தாளையும் கொடுப்போம். வருகிற பொறியாளர், அந்த விகிதத்தை அளக்கும் டைட்ரேஷன் கிட்டோடு வரட்டும். போனில் பேசிய அந்த நபரை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்ப் பிரிவுப் பொறுப்பாளர்