யாரும் வற்புறுத்தவில்லைதான், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கல்விப் பக்கத்தில் தனியார் பாடசாலைகளின் கட்டண உயர்வு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. விடுதியோடு கூடிய பாடசாலை ஒன்றின் நிர்வாகி சொன்னதாக அதில் ஒரு வரி: பெற்றோர் தங்கள் வசதிக்கேற்ற பாடசாலையைத் தெரிவுசெய்துகொள்ளலாமாம், அவர்கள் யாரையும் வற்புறுத்தவில்லையாம். மற்றதையெல்லாம் பொறுமையாகத்தான் வாசித்தேன். இந்த வரிக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் தங்கை குடும்பம் பண்டாரவளையில். மச்சான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறார். மூத்த மகனை 2021 செப்டெம்பரில் கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் தரம் 6இல் சேர்த்து, போர்டிங்கிலும் விட்டார்கள். கொழும்பில் இருக்கும் பாதுகாவலர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. தாய்மாமன் நான் இருக்கும்போது வேறு யார் வைப்பது? அன்றிலிருந்து பாடசாலையின் அறிவித்தல்கள் எனக்கும் வாட்ஸ்அப்பில் வருகின்றன, எல்லாம் ஆங்கிலத்தில். அறிவித்தல் வந்த அன்று இரவு தங்கை போன் எடுப்பாள். "அண்ணா, என்ன போட்டிருக்கு? எவ்வளவு கூட்டியிருக்கு?" நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கொப்பியில் எழுதிக்கொள்வாள். மொத்தத் தொகையைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் போனில் ஒரு சத்தமும் இராது. பிறகு, "சரி அண்ணா, பார்ப்போம்" என்பாள்.

சேர்த்தபோது படிப்புக்கும் விடுதிக்குமாக ஒரு தவணைக்கு 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா. 2025 செப்டெம்பர் தவணைக்குக் கேட்டிருப்பது 3 இலட்சத்து 35 ஆயிரம். நான்கு வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. மச்சானின் சம்பளம் இரட்டிக்கவில்லை, என்னுடையதும் இரட்டிக்கவில்லை.

2022இல் கூட்டியபோது நாங்கள் வாய் திறக்கவில்லை. டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கு விடுதிச் சமையலறையின் கஷ்டம் விளங்காமல் இல்லை. ஆனால் 2024இல் மின்கட்டணம் இரண்டு தடவை குறைந்தது. 2025 ஜனவரியில் மேலும் 20 சதவீதம் குறைந்தது. டொலரும் 300க்குக் கீழே வந்தது. ஒரு சதமாவது குறைத்தார்களா? அந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் வந்தவை விளையாட்டுப் போட்டிப் படங்கள்தான். 2025 ஜூனில் மின்கட்டணம் 15 சதவீதம் கூடியது, மாதம் முடியுமுன் அறிவித்தல் வந்துவிட்டது, காரணம் மின்கட்டணம் என்று. ஏறும்போது மட்டும் கண்ணில் படும் காரணத்தை எப்படி ஐயா நம்புவது?

சொல்லத் தொடங்கிவிட்டேன், பழையதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவால் 2021 செப்டெம்பரில் நாட்டின் பாடசாலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். மருமகன் பண்டாரவளை வீட்டில் போனுக்கு முன்னால் இருந்து படித்தான். அந்தத் தவணைக்கும் முழு விடுதிக் கட்டணம் வாங்கினார்கள். ஒரு நாள்கூடப் படுக்காத கட்டிலுக்குக் காசு. கேட்டபோது, இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றார்கள். சேரும்போது திருப்பித் தருவதாக வாங்கிய வைப்புப் பணம் 1 இலட்சம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவன் படித்து முடித்துத் திரும்பக் கிடைக்கும்போது அந்த இலட்சத்துக்கு என்ன பெறுமதி இருக்கும் என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும்.

இனி அந்த "வற்புறுத்தவில்லை" என்பதற்கு வருகிறேன். தங்கைக்கு ஆடம்பர ஆசை ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் வருவார், இடமாற்றம் எடுத்துப் போவார், பிறகு பல மாதம் அந்தப் பாடவேளை வெறுமையாகக் கிடக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க மலையகத்தில் எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் இடமிருக்கிறது என்று உங்கள் பத்திரிகையே எத்தனை முறை எழுதியிருக்கிறது! பிள்ளை கெட்டிக்காரன் என்று தெரிந்த ஒரு தாய் என்ன செய்வாள்? கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தானா வற்புறுத்தல்?

நான் 1979இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து ஒரு மத்திய மகா வித்தியாலயத்தில் சேர்ந்து விடுதியில் நின்று படித்தவன். அப்பா என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தார். வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று விடுதி மாஸ்டரிடம் பயந்து பயந்து கேட்டார். "ஒன்றும் இல்லை, பிள்ளையை விட்டிட்டுப் போங்க" என்றார் மாஸ்டர். காலையில் பாணும் பருப்பும், இரவில் சோறும் பூசணிக்காயும். ருசி சொல்ல முடியாது, ஆனால் பசியோடு படுத்ததில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி என்று மேடையில் பேசுகிறார்களே, எனக்கு அது அந்தப் பூசணிக்காய்க் கறிதான். இரண்டு வருடத்துக்கு முன் போய்ப் பார்த்தேன். விடுதிக் கூரை ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது, உள்ளே உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். புலமைப்பரிசில் உதவிப்பணத்தை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாவிலிருந்து 1,500 ஆக்கினார்கள். நன்றி சொல்கிறேன். ஆனால் அதைக் கொண்டு எந்த விடுதியில் ஒரு பிள்ளை மாதம் முழுக்கச் சாப்பிடும்?

எங்கள் மலையகத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கும் கோரிக்கை 2015இல் எழுந்தது, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. இடையில் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை சத்தியாக்கிரகம்! பாடசாலைக் கட்டணம் ஏற ஒரு பேச்சுவார்த்தையும் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் போதும்.

இப்படிக் கேட்பாரில்லாமல் போன காரணமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க விடவில்லை. அதனால் பின்னால் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவாகின. கட்டணம் பற்றி முறையிட நான் ஒரு அரச அலுவலகத்துக்குப் போனேன். இது கம்பனி விஷயம் என்றார்கள். இன்னொன்றுக்குப் போனேன். இது பாடசாலை விஷயம் என்றார்கள். அரை நாள் லீவும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

நான் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். தவணை தொடங்கும் நேரம் எங்களுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரிந்துவிடும். சென்ற வாரம் ஒரு தாய் வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டு வளையல், ஒரு மெல்லிய சங்கிலி, சிறு பிள்ளையின் தோடு ஒரு சோடி, எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் வைத்தார். நகைகளோடு பாடசாலைக் கட்டணச் சீட்டும் நாலாக மடித்து இருந்தது. ஒவ்வொன்றாக நிறுக்க நிறுக்க அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையலும் சங்கிலியுமே கணக்குக்குச் சரி என்று சொன்னதும் தோட்டை மட்டும் எடுத்துத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். இன்று தங்கம் விற்கும் விலைக்கே இப்படி என்றால், அடுத்த தவணைக்கு அவர் எதை அவிழ்ப்பார்? அவரையும் யாரும் வற்புறுத்தவில்லை, ஐயா.

அரசாங்கத்திடம் கேட்டுக் களைத்துவிட்டேன், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாணவர் அனுமதிக் காலம் வந்தால் உங்கள் பத்திரிகையில் இந்தப் பாடசாலைகளின் விளம்பரம் அரைப் பக்கத்துக்கு வருகிறது. நீச்சல் குளம் இருக்கிறது, குளிரூட்டிய வகுப்பறை இருக்கிறது, சிரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டணம் மட்டும் இல்லை. தவணைக் கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, கடந்த மூன்று வருடத்தில் எவ்வளவு கூட்டினார்கள் என்று மூன்று வரி சேர்த்துத் தந்தால்தான் பிரசுரிப்போம் என்று நீங்கள் சொல்லலாம். அந்த மூன்று வரியும் தமிழில் இருக்கட்டும், என் தங்கை தானே வாசித்துக்கொள்வாள்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். மருமகன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 11