ஆறு அதிபர்களைப் பார்த்த தூதர்

ஆசிரியருக்கு,

தூதர்களை ஒரே ஊரில் நீண்ட காலம் வைத்திருக்கக்கூடாது, அந்த ஊர்க்காரர்களாகவே மாறிவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அனதோலி தோப்ரினின் நினைவுக்கு வருவார். விமானப் பொறியாளராக இருந்தவர், இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே ராஜதந்திரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். 1962 முதல் 1986 வரை வாஷிங்டனில் சோவியத் தூதர். கென்னடி தொடங்கி ரீகன் வரை ஆறு அதிபர்கள்!

பதவியேற்ற சில மாதங்களிலேயே கியூபா ஏவுகணை நெருக்கடி. சோவியத் அணு ஏவுகணைகள் ரகசியமாகக் கியூபாவுக்குப் போன விஷயத்தை மாஸ்கோ அவருக்கே சொல்லவில்லை. சொந்த அரசே இருட்டில் வைத்த மனிதர்தான் அக்டோபர் 27 இரவு அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியைச் சந்தித்தார். கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்தால், துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகள் பிறகு சத்தமில்லாமல் அகற்றப்படும் என்ற வாக்குறுதி அவர் வழியாகத்தான் மாஸ்கோ போனது. அப்போது தூதரகத்திலிருந்து மாஸ்கோவுக்கு நேரடித் தொடர்பு வசதி கிடையாது. சங்கேதத் தந்தியை வாங்கிப்போக வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துப் பையன் சைக்கிளில் வருவான். அவன் வழியில் எங்கும் நின்றுவிடக்கூடாதே என்ற கவலை வேறு!

அப்புறம், நிருபர்கள் கண்ணில் படாமல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிலத்தடி கார் நிறுத்தம் வழியாகப் போய்வரும் சலுகையும் அவருக்கு இருந்தது. 1981-இல் ரீகன் அரசு அதை நிறுத்தியது. அது வீம்புக்குச் செய்த காரியம் என்பேன். வாசலை மாற்றினார்களே தவிர, ஆளை ஒதுக்க முடியவில்லை; மேலும் ஐந்தாண்டு அங்கேயே இருந்தார்.

- வாசகர், திருநெல்வேலி